சாம்பல் நிறக் காய்

சென்ற கோடை விடுமுறைக்கு என் தங்கையின் பெண் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். பதினான்கு வயது. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் ஊஞ்சலில் சாய்ந்துகொண்டு செல்போனைக் கையில் எடுத்தாளானால், அப்புறம் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. அப்படி என்னதான் பார்க்கிறாள் என்று ஒருநாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். சினிமா அல்ல, பாட்டு அல்ல. கட்டம் கட்டமாக ஒரு படம். இடது பக்கம் நான்கு மனிதர்களின் பெயர்கள். மேலே நான்கு தொழில்கள், நான்கு ஊர்கள். கீழே ஏழெட்டுத் துப்புகள். வைத்தியர் துறைமுக ஊரில் இல்லை, குடை வைத்திருப்பவர் ஆசிரியர் அல்ல, இந்த மாதிரி. யார் எந்த ஊரில் என்ன தொழில் செய்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இரண்டு துப்பைப் படித்த மாத்திரத்தில் இன்னார்தான் வைத்தியர் என்று என் மனத்தில் பட்டுவிட்டது. விரலை நீட்டி அந்தக் கட்டத்தில் சரிக்குறி ஒன்று போட்டுவிட்டேன்.

“ஐயையோ, ஊகம் பண்ணாதீங்க மாமா! எது இல்லைங்கறதை முதல்லே போடுங்க. மிச்சம் இருக்கிறது தானா வரும்” என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவள் சொன்னதுதான் இந்த விளையாட்டின் சகல ரகசியமும். நாலுக்கு நாலு கட்டத்தில் ஒரு சரிக்குறி போட்டால் அதே வரிசையில் மூன்றும் அதே பத்தியில் மூன்றுமாக ஆறு கட்டங்கள் அடிபட்டுப் போகின்றன. ஒரு வரிசையில் மூன்று அடிபட்டால் நான்காவது தானாகவே சரியாகிறது. உண்டு என்பதைத் தேடிப் போகிறவன் திண்டாடுவான். இல்லை என்பதைப் பொறுமையாகக் குறித்துக்கொண்டே வருகிறவனுக்கு உண்டு என்பது தானே வந்து சேரும்.

இந்த வித்தைக்கு மூலபுருஷர் யார் என்று அப்புறம் சில நாட்கள் புத்தகங்களைப் புரட்டினேன். ஒருவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆனால் அட்டையில் கட்டம் போட்டு, காய் வைத்து, தர்க்க சாஸ்திரத்தையே குழந்தைகள் விளையாட்டாக ஆக்கியவர் நமக்கு நன்றாகத் தெரிந்த மனிதர். 1865-ல் ஆலிஸை முயல் வளைக்குள் அனுப்பிவைத்த லூயிஸ் கரோல்தான் அவர். சொந்தப் பெயர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்ஸன். ஆக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணித ஆசிரியர், பிரம்மசாரி, பேச்சில் திக்கு உண்டு. 1887-ல் ‘தர்க்க விளையாட்டு’ என்ற பொருள்படும் பெயரில் சிறு புத்தகம் ஒன்று வெளியிட்டார். அதற்கு முந்தின வருஷமே அச்சாகிவிட்டது. அச்சு மனத்துக்குப் பிடிக்கவில்லை என்று அதை ஒதுக்கிவிட்டு, மறுபடி அச்சிடச் செய்தார். (எழுத்தாளன் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்! நம் பதிப்பாளர்களிடம் சொல்லிப் பார்க்கலாம்.)

புத்தகத்தோடு ஓர் அட்டையும் ஒன்பது காய்களும் உண்டு. நான்கு காய் சிவப்பு, ஐந்து சாம்பல் நிறம். ஆட்டத்துக்குக் குறைந்தபட்சம் ஓர் ஆள் வேண்டும் என்று ஆசிரியர் வேடிக்கையாக எழுதுகிறார். அட்டையிலுள்ள சதுரத்தை உலகத்துக் கேக்குகள் எல்லாவற்றையும் அடுக்கும் அலமாரியாக நினைத்துக்கொள்ள வேண்டும். மேல் தட்டில் புதிய கேக்குகள், கீழ்த் தட்டில் பழையவை. ஒரு பக்கம் ருசியானவை, மறுபக்கம் ருசியற்றவை. ஓர் அறையில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால் சிவப்புக் காய் வைக்கலாம். ஒன்றுமே இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் சாம்பல் காய். இரண்டு அறைகளில் ஏதோ ஒன்றில் இருக்கிறது, எதில் என்று தெரியாது என்றால் சிவப்புக் காயை நடுக்கோட்டின்மேல் வைத்துவிட வேண்டும்; மதில்மேல் பூனை! காயே வைக்காத அறைக்கும் அர்த்தம் உண்டு. இதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பதே அந்த அர்த்தம்.

இந்தக் கடைசி நுட்பத்தில்தான் அந்த மனிதரின் பெருமை இருக்கிறது. இல்லை என்பது ஒரு சங்கதி. தெரியாது என்பது முற்றிலும் வேறு சங்கதி. அன்றாட வாழ்க்கையில் இந்த இரண்டையும் நாம் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிடுகிறோம். டாட்ஜ்ஸன் ஒன்றுக்குச் சாம்பல் காயும், மற்றதற்கு வெறும் இடமும் ஒதுக்கினார்.

ஆக்ஸ்போர்டில் பெண்களுக்கென்று ஏற்பட்ட லேடி மார்கரெட் ஹாலுக்கும், பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கும் போய் அவர் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறார். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவரைப் பெரிய சீர்திருத்தவாதி என்று எண்ணிவிடக் கூடாது. 1896-ல் பெண்களுக்கு ஆக்ஸ்போர்டு பட்டம் கொடுக்கலாமா என்ற விவாதம் எழுந்தபோது, அவர்களுக்குத் தனியாக ஒரு சர்வகலாசாலை வைத்துக்கொடுங்கள் என்று துண்டுப்பிரசுரம் எழுதினார். தர்க்கம் கற்றுக்கொடுத்தவருக்கு இந்த விஷயத்தில் தர்க்கம் கைகொடுக்கவில்லை. ஆக்ஸ்போர்டில் பெண்கள் பட்டம் வாங்கியது 1920-ல்தான்.

அதே 1896-ல் ‘குறியீட்டுத் தர்க்கம்’ என்ற பெரிய நூலின் முதல் பாகம் வெளிவந்தது. இரண்டாம் பாகம் முடிவதற்குள், 1898 ஜனவரியில், அவர் காலமானார். இரண்டாம் பாகம் காணாமலே போய்விட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அச்சாபீஸிலிருந்து திருத்தத்துக்கு வந்த காலி புரூப்களை வில்லியம் வாரன் பார்ட்லி என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் தேடிக் கண்டெடுத்து 1977-ல் வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து எழுபத்தொன்பது வருஷம் கழித்து!

டாட்ஜ்ஸனுக்கு அப்புறம் இந்த வித்தை பத்திரிகைகளுக்குள் நுழைந்தது. பதின்மூன்றாம் வயதிலேயே குமாஸ்தாவாகப் போன ஹென்றி எர்னஸ்ட் டுடனி, ஷெர்லக் ஹோம்ஸ் கதைகள் வெளிவந்த ஸ்ட்ராண்டு பத்திரிகையில் இருபது வருஷம் மாதாமாதம் புதிர் போட்டார். அவர் மறைந்த 1930-ல் வெளிவந்த புதிர் ஒன்றில் ஸ்மித், ஜோன்ஸ், ராபின்ஸன் என்று மூன்று ரயில்வே சிப்பந்திகள். அதே பெயர்களில் மூன்று பிரயாணிகளும் உண்டு. எஞ்சின் டிரைவர் யார்? அதில் ஒரு துப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பிரயாணி ஜோன்ஸின் வருமானம் 1000 பவுன், 2 ஷில்லிங், 1 பென்ஸ். கார்டின் அண்டை வீட்டுக்காரருக்குக் கார்டைப்போல் சரியாக மூன்று மடங்கு வருமானம். ஆயிரத்துச் சொச்சத்தைப் பென்ஸாக்கினால் 2,40,025. அது மூன்றால் வகுபடாது. ஆகவே ஜோன்ஸ் அண்டை வீட்டுக்காரர் அல்ல. அந்த ஒரு பென்ஸ் இல்லாவிட்டால் ரயில் நகராது!

பொழுதுபோகாதவர்களின் விளையாட்டு என்று இதுவரை படித்தவர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மேவிஸ் லீவர் என்ற பெண்ணின் கதையைப் படிக்கும்வரை.

இரண்டாம் உலக யுத்தம். இங்கிலாந்தில் பிளெச்லி பார்க் என்ற பங்களாவில் எதிரிகளின் ரகசியத் தந்திகளை உடைக்கும் வேலை நடந்தது. அங்கே டில்லி நாக்ஸ் என்ற கிரேக்கப் பண்டிதருக்குக் கீழே வேலை பார்த்தாள் பத்தொன்பது வயது மேவிஸ். நாக்ஸுக்கு லூயிஸ் கரோல் என்றால் உயிர். வேலைக்கு வருகிறவர்களிடம், கடிகார முள் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று கேட்பாராம். எல்லோருக்கும் தெரிந்த பதிலைச் சொன்னால், ‘நீ கடிகாரத்துக்குள் உட்கார்ந்திருந்தால்?’ என்பாராம்.

எதிரிகள் பயன்படுத்திய எனிக்மா யந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. எந்த எழுத்தைத் தட்டினாலும் வேறு எந்த எழுத்தாகவும் அது மாறி வரலாம். அதே எழுத்தாக மட்டும் ஒருநாளும் வராது. யந்திரத்தைச் செய்தவர்கள் இதைப் பாதுகாப்பு என்று நினைத்திருப்பார்கள். நம் கட்டத்தில் இது ஒரு சாம்பல் காய். தந்தியில் இன்ன சொல் இருக்கலாம் என்று சந்தேகித்தால், அந்தச் சொல்லைத் தந்தியின் கீழே வைத்து ஒவ்வோர் இடமாக நகர்த்திக்கொண்டே போகலாம். மேலும் கீழும் ஓர் எழுத்தாவது ஒத்துப்போன இடமெல்லாம் அடிபட்டுப் போகும். ஆலன் டூரிங்கும் கார்டன் வெல்ச்மனும் அமைத்த பாம்ப் யந்திரங்கள் செய்ததும் இதே காரியந்தான். ஒன்றை மெய் என்று வைத்துக்கொண்டு, அதன் விளைவுகளைத் தொடர்ந்துபோய், முரண்பாடு வந்தால் தள்ளிவிடும். மூன்று சக்கரங்களுக்கு 17,576 நிலைகள். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, மிஞ்சியதை மனிதர்களிடம் கொடுக்கும்.

ஒருநாள் இத்தாலியத் தந்தி ஒன்று மேவிஸின் மேஜைக்கு வந்தது. நீண்ட தந்தி. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஏதோ உறுத்தியது. அதில் ‘எல்’ என்ற எழுத்து ஓரிடத்தில்கூட இல்லை! எழுதியிருப்பதைப் படிக்க ஆயிரம் பேர் உண்டு; எழுதாமல் விட்டதைப் படித்தாள் அந்தப் பெண். யாரோ ஒரு சோம்பேறித் தந்திக்காரனிடம் ஒப்புக்கு ஒரு தந்தி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அவன் ‘எல்’ சாவியையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். தட்டிய எழுத்து தெரிந்துவிட்டது. வந்த எழுத்துக்கள் கண்ணெதிரே இருக்கின்றன. புதிய சக்கரம் ஒன்றின் உள்கம்பிகள் எப்படி இணைந்திருக்கின்றன என்பது அதைக்கொண்டு வெளிப்பட்டது.

1941 மார்ச் மாதக் கடைசியில் அவள் உடைத்த மற்றொரு தந்தி, குறித்த நாளுக்கு இன்னும் மூன்று நாள் என்று சொன்னது. இத்தாலியக் கடற்படை கிளம்பப் போகிறது. அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்த ஆங்கில அட்மிரல் கன்னிங்ஹாம், அங்கிருந்த ஜப்பானியத் தூதரின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காகக் கோல்ப் ஆடப் போகிறவர்போல் பெட்டியோடு கரையிறங்கிவிட்டு, இருட்டியதும் கப்பலுக்குத் திரும்பிப் புறப்பட்டார். மாட்டபான் முனைக் கடற்போரில் இத்தாலியின் மூன்று பெரிய குரூஸர்களும் இரண்டு டெஸ்ட்ராயர்களும் மூழ்கின. 2,300 பேருக்குமேல் மாண்டார்கள். கன்னிங்ஹாம் பிற்பாடு பிளெச்லிக்கே வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த மாலுமிகளின் தாய்மார்களும் மனைவிமார்களும் எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. கட்டத்தில் போடும் குறி காகிதத்தோடு நின்றுவிடுவதில்லை. மேவிஸ் பின்னால் விவாகமாகி மேவிஸ் பேட்டி ஆனாள். தொண்ணூற்றிரண்டு வயதுவரை வாழ்ந்து 2013-ல் காலமானாள். ஆலிஸும் ஆக்ஸ்போர்டும் பற்றி ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறாள்.

இனி என் மருமகளின் போனுக்கு வருகிறேன். அதில் கடைசிப் புதிராக இருந்தது உலகப் பிரசித்தி பெற்ற வரிக்குதிரைப் புதிர். 1962 டிசம்பர் 17-ஆம் தேதியிட்ட ‘லைப் இன்டர்நேஷனல்’ பத்திரிகையில் வெளிவந்தது. விடையையும், சரியாகப் போட்ட பல நூறு பேரின் பெயர்களையும் 1963 மார்ச் 25-ஆம் தேதி இதழில் போட்டார்கள். ஐந்து வர்ணத்தில் ஐந்து வீடுகள், ஐந்து தேசத்தார், ஐந்து பிராணிகள், ஐந்து பானங்கள், ஐந்து சிகரெட்டுகள். எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்குப் போட்டால் 2,488 கோடியே 32 லட்சம் வருகிறது. பதினைந்தே வாக்கியங்கள் அத்தனையையும் அடித்துத் தள்ளி ஒன்றே ஒன்றை மிச்சம் வைக்கின்றன.

ஆரம்பத்தை மட்டும் சொல்கிறேன். முதல் வீட்டில் நார்வேக்காரர். அவருக்கு அடுத்தது நீல வீடு. ஆகவே இரண்டாவது வீடு நீலம். முதல் வீட்டின் வர்ணம் என்ன? சிவப்பில் இருப்பவர் ஆங்கிலேயர். ஆகவே சிவப்பு இல்லை. தந்த வர்ண வீட்டுக்கு உடனே வலப்பக்கம் பச்சை வீடு என்கிறது இன்னொரு துப்பு. முதல் வீட்டுக்கு இடப்பக்கத்தில் வீடே கிடையாது. அது பச்சையாக முடியாது. தந்தமாக இருந்தால் இரண்டாவது பச்சையாக வேண்டும், அதுவோ நீலம். மிஞ்சியது மஞ்சள். மஞ்சள் வீட்டில் கூல்ஸ் சிகரெட். கூல்ஸுக்கு அடுத்த வீட்டில் குதிரை. பார்த்தீர்களா, நார்வேக்காரரின் வாசலில் நின்றபடியே பக்கத்து வீட்டுக் குதிரையைப் பிடித்தாயிற்று! பாக்கியை நேயர்களே போட்டுப் பார்க்கட்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதினைந்து வாக்கியங்களில் வரிக்குதிரை என்ற பேச்சே கிடையாது. தண்ணீர் குடிப்பவரைப் பற்றியும் கிடையாது. கேள்வியில்தான் இரண்டும் வருகின்றன.

இந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டேன். என் முதல் நாவல் வெளிவந்த வருஷம், ஒரு பத்திரிகையில் புனைபெயரில் கடுமையான விமர்சனம் ஒன்று வந்தது. நான் அச்சாகும் கட்டத்தில் எடுத்துவிட்ட ஓர் அத்தியாயத்தைப் பற்றியும் அதில் ஜாடையாகக் குறிப்பு இருந்தது. கையெழுத்துப் பிரதியைப் படித்தவன் என் நண்பன் ஒருவன்தான். அவன் அடிக்கடி உபயோகிக்கும் சொல் ஒன்றும் அதில் இருந்தது. அந்த மாதம் அவன் அந்தப் பத்திரிகை ஆபீஸுக்குப் போய்வந்ததும் எனக்குத் தெரியும். மூன்று துப்பு! சரிக்குறி போட்டுவிட்டேன். ஒன்பது வருஷம் அவனோடு பேசவில்லை. அவன் காரணம் கேட்டு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. எழுதியவர் அச்சகத்தில் என் புத்தகத்துக்குப் புரூப் பார்த்தவர் என்று பிற்பாடு அவரே ஒரு கல்யாண வீட்டில், தாம்பூலம் போட்டுக்கொண்டே, சிரித்தபடி சொன்னார். என் பட்டியலில் அவர் பெயரே இல்லை. நண்பனுக்கு அன்று ராத்திரியே கடிதம் எழுதினேன். அவன் மனைவியிடமிருந்து பதில் வந்தது. அவன் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் பெண் புதிரை முடித்துவிட்டுக் காபியோடு வந்தாள். “ஐன்ஸ்டைன் சின்னப் பையனா இருக்கறப்போ போட்ட புதிராம் மாமா. உலகத்திலே நூற்றுக்கு ரெண்டு பேராலேதான் முடியுமாம். போன்லே போட்டிருக்கு.”

“ஐன்ஸ்டைன் பிறந்தது 1879. கூல்ஸ் சிகரெட் கடைக்கு வந்தது 1933. அப்போது அவருக்கு வயசு என்ன?”

விரல்விட்டு எண்ணினாள். “ஐம்பத்து நாலு. அப்போ சின்னப் பையன் இல்லை.”

“அந்த நூற்றுக்கு ரெண்டுக்கும் ஆதாரம் கிடையாது.”

அவள் சற்று நேரம் யோசித்தாள். “பெரியவரானப்புறம் போட்டிருக்கலாமே மாமா?”

1955 வரை இருந்தார். அவர் போட்டார் என்பதற்கு ஒரு சாட்சியமும் இல்லை. போடவில்லை என்று அடித்துச் சொல்லவும் என்னிடம் எதுவும் இல்லை.

“அந்தக் கட்டத்தைக் காலியாக விடு” என்றேன்.