ஒன்றேகால் மா

எங்கள் வீட்டுப் பத்திரப் பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது கற்பூர வாசனை. அடுத்து வருவது பழைய சண்டைகளின் ஞாபகம். நான்கு தலைமுறைப் பாகப்பிரிவினைகள் அதற்குள் தூங்குகின்றன.

கொள்ளுப்பாட்டனாருக்குக் காவிரிப் பாசனத்தில் ஒரு வேலி நன்செய். தஞ்சைக் கணக்கில் வேலிக்கு 20 மா. ஏக்கரில் சொன்னால் ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. அவருக்கு இரண்டு பிள்ளைகள். ஆளுக்கு 10 மா. என் பாட்டனாருக்கும் இரண்டு பிள்ளைகள். ஆளுக்கு 5 மா. 1934-ல் மேட்டூர் அணை வந்து ஆற்றுத் தண்ணீர் ஒழுங்குக்கு வந்தது. அதற்காக நிலம் வளர்ந்துவிடுமா? என் தகப்பனாரிடம் இருந்தது அந்த 5 மாதான்.

இந்தக் கணக்கில் ஒரு பிழை உண்டு என்பதை வெகுகாலம் கழித்தே கண்டேன். கொள்ளுப்பாட்டனாருக்கு இரண்டு பிள்ளைகள் என்றேனே, அவருக்குப் பெண்கள் மூன்று பேர். பாட்டனாருக்கு நான்கு பேர். பத்திரங்களில் அவர்கள் பெயரே கிடையாது. நகையும் சீரும் செய்து அனுப்பியாயிற்று, நிலத்தில் பாத்தியதை ஏது என்பது அந்தக் காலத்து நியாயம். உங்கள் வீட்டுப் பெட்டியையும் திறந்து பாருங்கள். அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

அந்த நியாயத்தைக் கேள்வி கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சொத்தில் பெண்ணுக்கும் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், பிதிரார்ஜிதத்தில் அவருடைய பங்கு பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சமம்.

என் தகப்பனார் 1972-ல் காலமானார். உயில் இல்லை. தாயார் அதற்கு முன்பே போய்விட்டாள். மிச்சம் நானும் அக்காவும். 5 மாவில் பாதி பிறப்பாலேயே என்னுடையது. மறுபாதியில் பாதி அக்காவுக்கு. அதாவது ஒன்றேகால் மா. சென்ட் கணக்கில் நாற்பது சொச்சம்.

மறுவருஷம் அக்காவைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். அவள் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"பொங்கலுக்கு நம்ம வயல் நெல்லு ஒரு மரக்கால் அனுப்பிடுடா தம்பி" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

ஏழெட்டு வருஷம் அனுப்பினேன். பிறகு விட்டுப்போயிற்று. ஏன் என்று அவள் கேட்கவில்லை.

1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம் மகளையும் பிறப்பாலேயே பங்காளியாக்கியது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவளுக்கு அது இல்லை. 2005-ல் மத்தியச் சட்டம் வந்து அந்த விலக்கையும் நீக்கியது. முன்பே பதிவாகி முடிந்துபோன விடுதலைப் பத்திரங்களை மட்டும் அது தொடவில்லை.

அக்கா இப்போது இல்லை. அவள் பெண் இருக்கிறாள். ஒன்றேகால் மாவை அவள் பெயருக்கு எழுதி வைக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

"சட்டப்படி அவசியமில்லையே அப்பா" என்கிறான் என் மகன்.

அவன் சொல்வது சரிதான். பத்திரமும் அப்படித்தான் சொல்கிறது. அந்த ஒரு மரக்கால் நெல்லைப் பற்றித்தான் அதில் ஒரு வரியும் இல்லை.