கோப்புக்கு இட்ட பெயர்



சங்கப் புலவர்களின் அகப்பாட்டுகளைத் தொகுத்தவர்கள் அவற்றை அடியளவால் பிரித்தனர். 4 முதல் 8 அடி வரை குறுந்தொகை. 9 முதல் 12 வரை நற்றிணை. 13 முதல் 31 வரை அகநானூறு. சிற்சில விலக்குகள் உண்டு. பாட்டின் சுவையைப் பற்றி இருவர் வாதிடலாம். அடியை எண்ணுவதில் வாதமில்லை. அப்பகுப்பு நிலைத்து நின்றதற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இவ்வினாவையே எதிர்கொண்டனர். 1970ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸில், கோப்புறைகள் மரக்கிளைபோல் ஒன்றினுள் ஒன்றாய் விரிந்தன. 'பின்', 'லிப்' என்று அவற்றுக்குச் சுருங்கிய பெயர்கள். தொலைத்தட்டச்சில் ஒவ்வோர் எழுத்தாக அடித்த காலம் அது.

தமிழுக்கு இச்சிக்கல் வேறுவகையில் வந்தது. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்றார், அன்பர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சுச் செய்தனர். அந்நாளில் ஓர் எழுத்துருவில் அடித்த தமிழ், மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். கோப்பின் பெயரையே தமிழில் இட்டிருந்தால் நூலைக் கண்டெடுப்பதே அரிதாகியிருக்கும்.

ஆகவே அவர்கள் பெயரை விட்டு எண்ணைப் பற்றினர். திருக்குறள் 'பிஎம்0001' ஆயிற்று. முன்னுள்ள மூன்று சுழிகள் வீணல்ல. கணிப்பொறி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதால், சுழியில்லாத 10 என்பது 2-க்கு முன்னே போய் நின்றுவிடும். வேங்கிக்காலிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கடிதங்களில் 'ந.க.எண்' என்பதன்கீழ் எண்ணும் ஆண்டும் பிரிவெழுத்தும் கோத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. வெறும் எண்ணுக்கு ஒரு குறையும் உண்டு: அட்டவணை இல்லையேல், எந்த எண்ணில் எந்த நூல் என்று மனிதனுக்குத் தெரியாது. அட்டவணையையும் அவர்களே பேணினர்.

மயிலை, இணைமதி எழுத்துருக்கள் போய்த் திஸ்கி வந்தது. பின்னர் யூனிகோடு வந்தது. ஒவ்வொரு முறையும் எழுத்தின் குறியீடு மாறிற்று. மாற்றத்தைத் தாங்கியது கோப்புறை. யூனிகோடு வடிவங்கள் 'யூடிஎஃப்8' என்னும் உறையுள் இடம்பெற்றன. அங்கே திருக்குறளின் பெயர் 'பிஎம்யுனி0001'.