துருக்கியச் சிறுகதையும் தோட்டத்துச் சிறுகதையும்

1906ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் புதுமைப்பித்தன் பிறந்தார். அதே ஆண்டு நவம்பர் திங்களில் துருக்கியின் அடப்பசார் என்னும் ஊரில் சாயித் பாயிக் அபாசியானிக் பிறந்தார். ஒருவர் பெயரை மற்றவர் கேட்டிருக்க வழியில்லை. எனினும் இருவரும் தத்தம் மொழியில் சிறுகதையின் போக்கையே மாற்றியவர்கள். மன்னரையும் செல்வரையும் விடுத்து, தெருவில் நடப்பவனையும் பசித்தவனையும் கதைக்குள் கொணர்ந்தவர்கள். சாயித் பாயிக்கின் முதல் தொகுதி 1936இல் வெளிவந்தது. புதுமைப்பித்தனின் கதைகள் 1933இல் தொடங்கிய 'மணிக்கொடி'யில் அச்சேறி வந்த காலமும் அதுவே. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். துருக்கியின் மற்றொரு பெருங்கதைஞராகிய சபாஹத்தீன் அலி பல்கேரிய எல்லையருகே கொலையுண்டதும் அதே ஆண்டில்தான்.

ஆண்டுக் கணக்கின் இவ்வொற்றுமை தற்செயலானது. தற்செயலல்லாத ஒற்றுமை வேறொன்றுண்டு. இன்றைய வடிவிலான சிறுகதை இரு மொழிக்கும் வெளியிலிருந்து, மொழிபெயர்ப்பு என்னும் வாயில் வழியே வந்து சேர்ந்தது. துருக்கியர்க்குப் பிரெஞ்சு மொழி வாயிலாயிற்று. தமிழர்க்கு ஆங்கிலம் வாயிலாயிற்று. அவ்வாயில் உள்வருவதற்கு மட்டும் பயன்பட்டதா, வெளிச்செல்லவும் பயன்பட்டதா என்பதில்தான் இரு வரலாறுகளும் பிரிகின்றன.

துருக்கியில் 1911இல் சலோனிக்கா நகரிலிருந்து வெளிவந்த 'இளம் எழுதுகோல்கள்' என்னும் இதழில் ஓமர் செய்ஃபெத்தினும் அவர்தம் தோழர்களும் 'புதிய மொழி' இயக்கத்தைத் தொடங்கினர். அரபு, பாரசீகச் சொற்கோவைகள் மலிந்த அரண்மனை நடையை விலக்கி, மக்கள் பேசும் துருக்கியில் எழுதவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 1928இல் எழுத்தே மாறியது. அரபு வரிவடிவம் நீங்கி இலத்தீன் வரிவடிவம் வந்தது. முன்னோர் எழுதியதைப் பேரப்பிள்ளைகள் படிக்க இயலாத நிலை தோன்றியது. ஒரு மொழிக்கு இதனினும் பெரிய அதிர்ச்சி நேர்தல் அரிது. 1940இல் கல்வியமைச்சர் ஹசன் அலி யூஜெலின் முயற்சியால் அரசே ஒரு மொழிபெயர்ப்புப் பணியகத்தை நிறுவி, உலகப் பேரிலக்கியங்களை வரிசையாகத் துருக்கிக்குக் கொணர்ந்தது.

தமிழுக்கு அத்தகைய அரசுத் துணை வாய்க்கவில்லை. இதழாசிரியர்களும் எழுத்தாளர்களும் தாமே அப்பணியை மேற்கொண்டனர். புதுமைப்பித்தன் அயல்நாட்டுக் கதைகள் பலவற்றை ஆங்கிலத்தின் வழியே தமிழாக்கினார். அவ்வழியில் நடந்த கு. அழகிரிசாமி கார்க்கியின் எழுத்துகளைத் தமிழில் தந்தார். மலாயாத் தமிழ்ச் சிறுகதையின் வரலாறும் இங்குதான் இவ்வழியோடு வந்து இணைகின்றது.

1924இல் கோலாலம்பூரில் தோன்றிய 'தமிழ் நேச'னும், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முர'சும் இந்நாட்டுக் கதைகளுக்குக் களமாயின. போருக்குப் பின்னர், 1950இல், 'தமிழ் நேச'னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். கதை எழுதும் முறை பாடமாக அச்சிடப்பட்டது. வாசகர் எழுதியனுப்பிய கதைகள் திருத்தித் தரம் பிரிக்கப்பட்டன. ஒரு நாளேடு கரும்பலகையாகிய விந்தை இது. பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய பணியைச் செய்தித்தாள் செய்தது என்றாலும் மிகையன்று. 1952இல் 'தமிழ் நேச'னுக்கு ஆசிரியப் பொறுப்பேற்று வந்த அழகிரிசாமி 1957 வரை இங்கிருந்து, இளம் எழுத்தாளரைக் கூட்டி இலக்கியம் பேசினார். கார்க்கியை மொழிபெயர்த்த கையே மலாயாத் தமிழரின் கதைகளையும் திருத்தியது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோரின் வாழ்வு தமிழ்க் கதையாக உருப்பெறுவதற்கு இவை நல்ல நாற்றங்கால்கள்.

உள்வரும் வாயில் இவ்வாறு இரு மொழியிலும் திறந்திருந்தது. இனி, வெளிச்செல்லும் வாயிலைக் காண்போம்.

யஷார் கெமால் 1955இல் வெளியிட்ட 'இன்ஜே மெமெது' என்னும் புதினம் 1961இல் எடுவார் ரோடிட்டியின் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகைச் சுற்றியது. அதன்பின் அவர் நூல்கள் பலவற்றை அவர்தம் துணைவியார் தில்தாவே ஆங்கிலமாக்கினார். மலைச் சிற்றூர் மக்கள் பருத்தி எடுக்கும் கூலிவேலைக்காகச் சுக்குரோவாச் சமவெளிக்கு ஆண்டுதோறும் நடந்து செல்லும் துயரத்தைக் கூறும் புதினம் 1963இல் ஆங்கிலத்தில் வந்தது. கப்பலேறி வந்து பால்மரம் வெட்டியவர்களின் வழித்தோன்றல்களுக்கு அக்கதை அயற்கதையாகத் தோன்றாது. 1971இல் துருக்கியின் முதற் பண்பாட்டமைச்சராகிய தலாத் ஹல்மான் தாமே ஒரு மொழிபெயர்ப்பாளர். சாயித் பாயிக்கின் கதைகள் அவர் தொகுப்பில் 1983இல் அமெரிக்காவில் வெளிவந்தன. 2005இல் துருக்கி அரசு, தன் இலக்கியத்தை மொழிபெயர்க்கும் அயல்நாட்டுப் பதிப்பாளர்க்கு நிதியுதவி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஓரான் பாமுக் நோபல் பரிசு பெற்றார். சபாஹத்தீன் அலி 1943இல் வெளியிட்ட புதினம் ஒன்று, அவர் இறந்து 68 ஆண்டுகள் கழிந்தபின், 2016இல் ஆங்கிலத்தில் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. காலந்தாழ்ந்த வரவுதான், எனினும் வந்தது.

மலாயாத் தோட்டத்தை உலகுக்குச் சொன்னவர் யாவர்? பிரெஞ்சுக்காரராகிய ஆன்ரி ஃபோக்கோனியே இங்கே தோட்டம் நடத்தியவர். அவருடைய 'மலேசி' 1930இல் கோன்கூர் பரிசு பெற்று, மறு ஆண்டே ஆங்கிலமாயிற்று. பியர் பூல் என்பவரும் மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவரே. சயாம் - பர்மா இரயில்பாதையைப் பின்னணியாகக் கொண்ட அவர் புதினம் 1952இல் பிரெஞ்சிலும் 1954இல் ஆங்கிலத்திலும் வந்து, 1957இல் திரைப்படமாகி உலகெங்கும் ஓடியது. அதன் நடுவே நிற்போர் பிரிட்டிஷ் போர்க்கைதிகள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளப் பாதையை அமைக்கையில் மாண்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் அதனினும் பன்மடங்கினர். அவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். அவர்தம் கதையை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் புதினத்திலும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்னும் புதினத்திலும் எழுதினர். இரண்டும் தமிழில் உள்ளன. 'குவாய் ஆற்றுப் பாலம்' அறிந்த உலகம் இவ்விரு பெயர்களையும் அறியாது. மாண்டவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு நோக்கின், இது வெறும் இலக்கியக் குறை மட்டுமன்று.

தோட்டத் தமிழரின் வாழ்வு ஆங்கிலத்தில் உள்ளிருந்தே எழுதப்பெற்றது கே.எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' 1981இல் வெளிவந்த பொழுதுதான் எனலாம். அது மொழிபெயர்ப்பன்று, நேரே ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தமிழில் எழுதியோர்க்கு அவ்வாய்ப்பு வரவில்லை. 1971இல் தேசியப் பண்பாட்டு மாநாடு நடைபெற்ற காலந்தொட்டு, மலாய்மொழி இலக்கியமே தேசிய இலக்கியம். பிறமொழி இலக்கியங்கள் ஒவ்வோரினத்தாரின் இலக்கியங்கள் என்னும் கருத்து நிலைபெற்றது. துருக்கிய எழுத்தாளனுக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது. மலேசியத் தமிழ் எழுத்தாளனுக்குப் பின்னால் ஒரு ஞாயிறு மலர் நின்றது.

பழி முழுவதையும் வெளியே சுமத்துதல் நேர்மையாகாது. தோட்டத்துக் கதையின் உயிர் அதன் சொற்களில் உள்ளது. பெரட்டு, கிராணி, மங்கு, நிரை, ஒட்டுப்பால், ஆயாக் கொட்டகை, கம்பம் முதலிய சொற்கள் சென்னையிலிருந்து வரும் அகராதிகளில் இப்பொருளில் கிடைப்பது அரிது. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு ஓர் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். பால் ஏந்தும் மங்கும், சிற்றூரைக் குறிக்கும் கம்பமும் மலாயிலிருந்து வந்தவை. மாணவன் ஒருவன் கட்டுரையில் இவற்றை எழுதினால் ஆசிரியரின் சிவப்பு மை உடனே பாய்கின்றது; மங்கு கிண்ணமாகின்றது, கிராணி எழுத்தர் ஆகிறார். தேர்வுக்கு அது தக்கதாகலாம். கதைக்கு அது கேடு. சுக்குரோவாவின் வட்டார வழக்கை யஷார் கெமால் மாற்றவில்லை. அதனை ஆங்கிலமாக்கும் சுமையைத் தில்தா ஏற்றுக்கொண்டார். மூலத்திலேயே உப்பு நீக்கப்பட்ட கதையை எம்மொழியில் பெயர்த்தாலும் அது சுவைக்காது.

பேராக் மாநிலத்தின் கிரியான் வட்டாரத்துப் பாகான் செராயை எடுத்துக்கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் வந்தனர். 1906இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவுற்று நெல்வயல் பெருகியது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. கரும்பு போய் இரப்பர் வந்தது. பின்னர்ச் செம்பனை வந்தது. இவ்வூர் மாணவன் ஒருவன் இன்று பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' நூலை ஜி. குப்புசாமியின் தமிழில் படிக்கலாம். துருக்கியிலிருந்து எர்டா கோக்னார் ஆங்கிலமாக்க, அவ்வாங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த நூல் அது. இஸ்தான்புல்லின் பனியும் ஓவியக்கூடமும் இருமுறை கடல் தாண்டிப் பாகான் செராய்க்கு வந்துவிட்டன. லயத்து விளக்கும் பெரட்டுக் களமும் இஸ்தான்புல்லுக்குப் புறப்பட இன்னும் முதற் கடலையே தாண்டவில்லை.

'கதை வகுப்பு' நடத்திய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோயிற்று. அதன் பழைய ஏடுகளில் உள்ள கதைகளை ஆங்கிலமாக்க முற்படும் ஒருவர்க்கு இரு மொழிப் புலமை மட்டும் போதாது. நிரை என்றால் எத்தனை மரம், ஒட்டுப்பாலுக்குத் தனிக்கூலி உண்டா, மழைநாளில் பெரட்டு உண்டா என்று கேட்டறிய, பால் வெட்டிய முதியோர் அருகில் இருத்தல் வேண்டும். அவர்களுள் பலர் இன்று எண்பதைக் கடந்தவர்கள்.