விலங்குப் பெயர் தாங்கிய கணினிகள்: போஸ்ட்கிரெஸ் பில்ட் ஃபார்மின் வரலாறு

போஸ்ட்கிரெஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல், உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் திறமூலத் தரவுத்தள மென்பொருள்களில் ஒன்று. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டமே அதன் வேர். இன்றைய பெயரை அது 1996-இல் பெற்றது. அதற்குள் அது பல்கலைக்கழகத்தின் கையை விட்டு, இணையம் வழியே கூடி வேலை செய்யும் ஒரு குழுவின் பொறுப்பாகியிருந்தது. அந்தக் குழுவுக்கு அலுவலகமும் இல்லை, இயந்திரங்களை வரிசையாக அடுக்கிவைத்த ஆய்வகமும் இல்லை. மென்பொருளோ சன், ஹெச்.பி., ஐ.பி.எம்., டெக், சிலிக்கான் கிராஃபிக்ஸ் என்று அன்று சந்தையில் இருந்த ஏறக்குறைய எல்லா யூனிக்ஸ் கணினிகளிலும் ஓட வேண்டியிருந்தது.

ஒரு கணினியில் சரியாக ஓடும் சி நிரல் இன்னொன்றில் ஏன் விழுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்த வரலாற்றின் மற்ற பகுதி விளங்கும். ஓர் எண்ணை நினைவகத்தில் எழுதும்போது பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும் செயலிகள் உண்டு. கடைசியில் வைப்பவையும் உண்டு. நான்கு பைட் நீளமுள்ள எண்ணை எந்த முகவரியிலிருந்தும் படிக்க இன்டெல் செயலி இடம் கொடுக்கும். ஸ்பார்க் செயலியோ நான்கால் வகுபடாத முகவரியைக் கண்டால் நிரலையே நிறுத்திவிடும். ஹெச்.பி.யின் பிஏ-ரிஸ்க் இன்னும் விசித்திரமானது. இரண்டு நிரல்கள் ஒரே தரவை ஒரே நேரத்தில் தொடாமலிருக்கத் தரவுத்தளம் பூட்டுகளை வைக்கிறது. வழக்கமாகப் பூட்டு திறந்திருந்தால் 0, பூட்டியிருந்தால் 1. பிஏ-ரிஸ்க்கில் இதற்குப் பயன்படும் கட்டளை ஓரிடத்தைப் படித்துவிட்டு அதை 0 ஆக்குவதையே அறியும். ஆகவே அங்கே 0 என்றால் பூட்டியிருக்கிறது என்று பொருள். இத்தகைய வேறுபாடுகளை நிரலை வாசித்து மட்டும் கண்டுபிடிப்பது அரிது. அந்தந்த இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதற்கான சோதனைத் தொகுப்பு போஸ்ட்கிரெஸிடம் ஏற்கெனவே இருந்தது. முன்பே எழுதிவைத்த எஸ்.க்யூ.எல். கட்டளைகளை வரிசையாக இயக்கி, வரும் விடையை எதிர்பார்த்த விடையோடு அது ஒப்பிடும். இல்லாதது இயந்திரங்கள்தான். அதனால் ஒவ்வொரு பதிப்பும் வெளிவருமுன் பயனர்களிடம் வேண்டுகோள் போகும்: உங்களிடமுள்ள கணினியில் சோதனையை ஓட்டி முடிவை எழுதுங்கள் என்று. வந்த பதில்கள் ஆவணத்தில் ஓர் அட்டவணையாக அச்சேறின. எந்த இயங்குதளம், எந்தச் செயலி, எந்தப் பதிப்பு, யார் சோதித்தார், எந்தத் தேதியில் என்ற விவரங்கள் அதில் இருக்கும். பெயர் போட்டு நன்றி சொன்ன நேர்மையான ஏற்பாடு அது. ஆனால் ஒரு பெரிய குறை இருந்தது. ஜனவரியில் செய்த மாற்றம் ஐ.பி.எம். கணினியில் கோளாறு செய்கிறது என்பது கோடையில்தான் தெரியவரும். அதற்குள் அதன் மேல் நூற்றுக்கணக்கான மாற்றங்கள் படிந்திருக்கும். குற்றவாளி எது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

இதற்கு வழிகாட்டியது சாம்பா திட்டம். விண்டோஸ் கணினிகளும் யூனிக்ஸ் கணினிகளும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் மென்பொருள் சாம்பா. அதைத் தொடங்கியவர் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல். பலவகை இயந்திரங்களில் சாம்பாவைத் திரும்பத் திரும்பத் தொகுத்து, சோதித்து, முடிவுகளை ஒரே பக்கத்தில் காட்டும் பில்ட் ஃபார்ம் ஒன்றை அந்தக் குழு நடத்திவந்தது.

அந்தக் கருத்தைப் போஸ்ட்கிரெஸுக்குக் கொண்டுவந்தவர் ஆண்ட்ரூ டன்ஸ்டன், ஆண்டு 2004. காலமும் பொருத்தமானதாக இருந்தது. விண்டோஸில் நேரடியாக ஓடக்கூடிய முதல் பதிப்பான 8.0 அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. யூனிக்ஸ் பழக்கத்தில் வளர்ந்த நிரலாளர்கள் பலரிடம் விண்டோஸ் கணினி இல்லை. அவர்கள் செய்யும் மாற்றம் அங்கே என்ன விளைவை உண்டாக்கும் என்பதை வேறொருவருடைய இயந்திரம்தான் சொல்ல முடியும்.

டன்ஸ்டனின் ஏற்பாடு எளிமையானது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்ததற்கு அந்த எளிமையே முதன்மைக் காரணம். தன்னார்வலர் ஒரு படிவத்தை நிரப்பித் தம் கணினியின் இயங்குதளம், செயலி, நிரலைத் தொகுக்கும் கம்பைலர் ஆகியவற்றைத் தெரிவிக்கிறார். அவருக்கு ஒரு ரகசியச் சொல்லும், இயந்திரத்துக்கு ஒரு விலங்கின் பெயரும் வழங்கப்படும். பெர்ல் மொழியில் எழுதிய ஒரு நிரல் குறித்த நேரங்களில் தானே விழித்து, மூலநிரலில் மாற்றம் உண்டா என்று பார்க்கும். இருந்தால் புதிதாகத் தொகுத்துச் சோதனைகளை ஓட்டி, முடிவை மைய வழங்கிக்கு அனுப்பும். பேச்சைத் தொடங்குவது எப்போதும் தன்னார்வலரின் இயந்திரம்தான். வெளியார் யாரும் அதற்குள் நுழைவதில்லை. அதனால் வீட்டு இணைப்பில் இருக்கும் கணினியும், நிறுவனத்தின் ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும் கணினியும் அச்சமின்றிச் சேரலாம். 2005-இல் லோரான் கெர்பி தொடங்கிய ஜி.சி.சி. கம்பைல் ஃபார்ம் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. அரிய இயந்திரங்களை ஓரிடத்தில் சேர்த்து, திறமூல நிரலாளர்கள் அவற்றில் நுழைந்து வேலை செய்யக் கணக்கு கொடுத்தது. இரண்டு வழிகளுக்கும் தேவை இருந்தது. கோளாறு இருப்பதைச் சொல்ல முதலாவது போதும். அதைத் தோண்டிப் பார்க்க இரண்டாவது வேண்டும்.

பில்ட் ஃபார்மின் நிலைப் பலகையில் ஒவ்வொரு விலங்கும் ஒரு வரி. எல்லாச் சோதனைகளும் தேறினால் பச்சை. இல்லையென்றால் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்ற குறிப்பு. இதைச் சுற்றி எழுதப்படாத ஒழுக்கம் ஒன்று வளர்ந்தது. மூலநிரலில் மாற்றத்தைச் சேர்ப்பவர் அடுத்த சில மணி நேரம் பலகையைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். ஏதேனும் விலங்கு விழுந்தால் உடனே திருத்த வேண்டும், முடியாவிட்டால் மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டும். உறங்கப் போகுமுன் மாற்றத்தைச் சேர்ப்பது நல்ல பழக்கமல்ல என்பது குழுவில் பொதுவான எண்ணம். வேலைத்திட்டமோ மேலதிகாரியோ இல்லாத ஒரு கூட்டத்தில் இந்தப் பொறுப்புணர்வு நிலைபெற்றது சிறிய காரியம் அல்ல. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு என்பதால், விலங்குகள் புதிய நிரலோடு பழைய பதிப்புகளின் கிளைகளையும் சோதிக்கின்றன. பழைய பதிப்புக்கு அனுப்பப்படும் பாதுகாப்புத் திருத்தங்கள் நம்பத்தக்கவையாக இருப்பதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

எல்லா விலங்குகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அரணையின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய 'ஸ்கிங்க்', வால்கிரைண்ட் என்னும் கருவியின் கீழ் ஓடி நினைவகப் பிழைகளைத் தேடுகிறது. வேறு சில, தரவுத்தளம் நினைவில் சேர்த்துவைக்கும் அட்டவணை விவரங்களைக் கிடைக்கும் ஒவ்வொரு வாய்ப்பிலும் அழித்துவிடும்படி தொகுக்கப்பட்டவை. அழிந்த விவரத்தைத் தவறாக நம்பும் நிரல் அங்கே தப்பாது. ஆனால் ஒரு முழு ஓட்டத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். நாட்கணக்கில் போவதும் உண்டு. மெதுவான பழைய இயந்திரங்களுக்கும் தனி மதிப்பு இருந்தது. முதன்மை நிரலாளரான டாம் லேன் வைத்திருந்த பிஏ-ரிஸ்க் கணினியின் பெயர் காட்டெருமையைக் குறிக்கும் 'கௌர்'. அவருடைய பழைய பவர்பிசி மேக் 'பிரெய்ரிடாக்'. வேகமான கணினியில் இரண்டு நிகழ்வுகள் எப்போதும் ஒரே வரிசையில் நடந்து, மறைந்திருக்கும் பிழை வெளித்தெரியாமல் போகும். மெதுவான கணினியில் வரிசை மாறும், பிழை வெளிப்படும்.

காலப்போக்கில் பில்ட் ஃபார்ம், ஆதரவு என்ற சொல்லின் பொருளையே வரையறுக்கத் தொடங்கியது. ஆட்பெயர்கள் நிறைந்த பழைய அட்டவணை ஆவணத்திலிருந்து மறைந்தது. ஒரு தளத்துக்கான ஏற்பாடு நிரலில் இருக்க வேண்டும், அண்மையில் அங்கே தொகுத்துச் சோதனையில் தேறியிருக்கவும் வேண்டும். அப்போதுதான் அது ஆதரிக்கப்படும் தளம் என்று ஆவணம் இப்போது சொல்கிறது. பெரும்பாலும் அந்தச் சான்றைத் தருவது பில்ட் ஃபார்ம். எங்கோ ஒருவர் மின்கட்டணம் செலுத்தி, பழுது பார்த்து, ஓர் இயந்திரத்தை ஓடவிட்டிருக்கும்வரைதான் ஒரு தளம் போஸ்ட்கிரெஸில் உயிரோடிருக்கிறது.

இதன் மறுபக்கம் தளங்களின் மறைவு. ஆல்ஃபா செயலிக்கும் ட்ரூ64 இயங்குதளத்துக்குமான ஆதரவு 9.5 பதிப்பில் நீங்கியது. ஹெச்.பி.-யு.எக்ஸ். இயங்குதளத்தைச் சோதித்துவந்த விலங்குகள் 2022-இல் ஓய்ந்தன. 2023-இல் வெளிவந்த 16-ஆம் பதிப்பில் அதற்கான நிரல் இல்லை. ஐ.பி.எம்.மின் ஏ.ஐ.எக்ஸ். கதை வேறு. சோதிக்க இயந்திரங்கள் இருந்தும், அதன் கம்பைலர் கோளாறுகளையும் தனி வழக்கங்களையும் சமாளிக்கும் சுமை மிகுந்ததால் 2024-இல் வந்த 17-ஆம் பதிப்பில் ஆதரவு விலக்கப்பட்டது. இயந்திரம் இருந்தால் மட்டும் போதாது, அது காட்டும் பிழையைத் திருத்த ஆளும் வேண்டும் என்பதை அந்த முடிவு தெளிவாக்கியது.

மாற்றம் மூலநிரலில் சேர்ந்த பிறகே சோதிப்பது பில்ட் ஃபார்மின் எல்லை. அந்த இடைவெளியை நிரப்பப் பரிசீலனையில் உள்ள திருத்தங்களைத் தானாகவே சோதிக்கும் 'சிஎஃப்பாட்' உருவானது. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக், விண்டோஸ் ஆகியவற்றில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் சிர்ரஸ் சி.ஐ. அமைப்புக் கோப்பு 2021-இன் இறுதியில் மூலநிரலிலேயே சேர்க்கப்பட்டது. வெளிப்படையான பிழைகள் பல இப்போது அங்கேயே பிடிபடுகின்றன. பவர்பிசி, ரிஸ்க்-ஃபைவ், ஐ.பி.எம். மெயின்ஃபிரேம் போன்றவற்றுக்கும், நூறு ஓட்டங்களில் ஒருமுறை தலைகாட்டும் பிழைகளுக்கும் தன்னார்வலர்களின் விலங்குகளே இன்றும் சாட்சி.