எழுத்து பொதுவான வரலாறு



பாரதி பாடல் ஒலிக்காத தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவை நம் பேரா மாநிலத் தோட்டப்புறங்களில் காண்பது அரிது. ரப்பர்க் காடுகள் செம்பனையாகி, லயங்களில் இருந்த மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. பாடுவதற்கு முன் நாம் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. எவருக்கும் பணம் கட்டுவதுமில்லை. காற்றைப்போல இயற்கையாக வந்த உரிமை அது என்று எண்ணியிருக்கிறோம். உண்மையில் அது பலர் அலைந்து, கேட்டு, கையொப்பம் வாங்கி நமக்குப் பெற்றுத் தந்த உரிமை.

அந்த வரலாற்றை இன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈப்போவில் உள்ள உங்கு ஓமார் போலிடெக்னிக் போன்ற இடங்களில் நம் பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள். உலகெங்கும் உள்ளவர்கள் கூடி எழுதி, எல்லாருக்கும் இலவசமாக வழங்கும் கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் அவர்களும் பங்கு கொள்ளலாம். அப்படி எழுதிக் கொடுக்கும் ஏடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குப் பாரதியின் கதையிலேயே பாதி விடை இருக்கிறது.

பாரதியார் 1921 செப்டம்பரில் காலமானார். அவர் விட்டுச் சென்ற சொத்து எழுத்து ஒன்றுதான். துணைவியார் செல்லம்மாள் முதலில் தாமே நூல்களை வெளியிட்டுப் பார்த்தார். கையில் முதல் இல்லாத குடும்பம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? அச்சிடும் உரிமை பாரதியின் தம்பி சி.விசுவநாதன் நடத்திய பாரதி பிரசுராலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இசைத்தட்டில் பதிக்கும் உரிமையோ தனியாகப் பிரிந்து ஜேசிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் போனது. அவரிடமிருந்து அதை வாங்கியவர் ஏவி.மெய்யப்பச் செட்டியார். 1947இல் வெளிவந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்களை நம் பாட்டன்மார் அறிவார்கள்.

ஒரே பாட்டு, ஆனால் நூலில் அச்சிட ஒருவர் அனுமதி, இசைத்தட்டில் பதிக்க இன்னொருவர் அனுமதி! பதிப்புரிமை என்பது ஒரே கட்டியான பொருள் அன்று. பலா போலச் சுளை சுளையாகப் பிரித்து விற்கக் கூடியது. இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தார்கள். மெய்யப்பச் செட்டியார் உரிமை தம்முடையது என்றார். சட்டப்படி அவர் சொன்னது தவறில்லை என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். அவர் பணம் கொடுத்து வாங்கியிருந்தார். ஆனால் நாட்டு விடுதலைக்குப் பாடியவனின் பாட்டுக்கு விடுதலை இல்லையா என்று தமிழ்நாடு கொதித்தது. எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன் முதலானோர் பாரதி விடுதலைக் கழகம் அமைத்தார்கள். மேடைப் பேச்சோடு அவர்கள் நின்றுவிடவில்லை. திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மாளைக் கண்டு இசைவு பெற்றார்கள். இந்தச் செய்கையை நாம் பெரிதாக மதிக்கிறோம். கொடுக்க உரிமை உள்ளவரிடம் கேட்காமல் பொதுவில் வைப்பது பறிப்பதாகிவிடும் அல்லவா?

1949 மார்ச்சில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் சென்னை மாகாண அரசு உரிமையை ஏற்றது. மெய்யப்பச் செட்டியார் தம் பங்கைப் பணம் பெறாமலே கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாயும் வழங்கப்பட்டன.

அத்தோடு பாட்டு பொதுவாகிவிட்டதா என்றால், இல்லை! உரிமை தனியாரிடமிருந்து அரசின் கைக்கு மாறியது, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று அரசு அறிவித்தது 1955இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பாரதி ‘மக்கள் சொத்து’ என்று பேசினார்கள். ஆனால் மக்கள் அச்சிட முடியாது. ஒன்றின் உடைமை மாறுவது வேறு, அதைப் பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாகச் சொல்வது வேறு.

இப்போது கணினிக்கு வருவோம். விவரக்குறிப்பு என்று ஒருவகை ஏடு உண்டு. ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்து எழுதுவது அது. தோட்டத்து மக்களுக்கு இது புதிதன்று. முன்பு புகைபோட்ட ரப்பர்த் தகடுகளை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணால் பார்த்துத் தரம் பிரித்தார்கள். 1965இல் எஸ்.எம்.ஆர். எனப்படும் மலேசியத் தர ரப்பர் திட்டம் வந்தது. அழுக்கு இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது, சாம்பல் இவ்வளவுதான் என்று எழுத்தில் வரையறை வந்தது. அவ்வாறே, கணினிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்பதற்கும் விவரக்குறிப்புகள் உண்டு. இணையத்தின் விவரக்குறிப்புகளுக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர். அவற்றை எவரும் காசின்றிப் படிக்கலாம், படியெடுக்கலாம்.

அப்படியும் டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் ஆர்.எஃப்.சி. ஏடுகளைத் தன் முதன்மைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. கட்டற்றவை அல்லாதவை என்று வேறு பிரிவில் ஒதுக்கியது. காரணம், அவற்றை விருப்பம்போல் திருத்தி வெளியிட உரிமம் இடம் தரவில்லை. திருத்தும் உரிமை இல்லாத எதுவும் கட்டற்றது ஆகாது என்பது டெபியனின் நெறி.

ஏட்டை எழுதியவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒவ்வோர் ஆலையும் அழுக்கின் அளவைத் தன் போக்கில் மாற்றி அதே எஸ்.எம்.ஆர். பெயரை அச்சிட்டால், வாங்குபவன் எதை நம்புவான்? நம் கருத்தைக் கேட்டால், திருத்த விட்டு, திருத்தியதற்கு வேறு பெயர் வைக்கச் சொல்வதே போதும்.

இன்னொன்று. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏட்டை அப்படியே எடுத்துத் திட்டத்தில் ஒட்டக் கூடாது. பதிப்புரிமை சொற்களைக் காக்கிறது. உள்ளிருக்கும் கருத்தையும் முறையையும் அன்று. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இவ்வாறே சொல்கிறது. ஆகவே விதியைப் படித்துணர்ந்து நம் சொற்களில் புதிதாக எழுதலாம். கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட் உரிமை தனிச் சங்கதி. அதைத் தனியே பார்க்க வேண்டும்.

அதே சட்டத்தில் பெற்றோர் அறிய வேண்டிய இடம் ஒன்று உண்டு. சம்பளத்துக்குச் செய்யும் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே உரியது. ஈப்போவில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் உங்கள் மகன், அங்கே எழுதிய விவரக்குறிப்பை நல்ல மனத்துடன் பொதுத் திட்டத்துக்குக் கொடுத்தால், தன்னுடையது அல்லாததைக் கொடுத்தவன் ஆவான். முதலில் முதலாளியின் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு பின்னால் கை கொடுக்காது.

பெரிய திட்டங்கள் இதைப் பட்டுத்தான் கற்றன. 2003இல் எஸ்.சி.ஓ. நிறுவனம், தன் உரிமைக்கு உட்பட்ட நிரல் லினக்ஸில் கலந்துவிட்டது என்று ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. அதன்பின் 2004 முதல் லினக்ஸ் கருநிரலுக்கு எழுதிக் கொடுப்பவர் ஒவ்வொருவரும், இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று தம் பெயரிட்டு ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றாயிற்று. செல்லம்மாளைத் தேடித் திருநெல்வேலிக்குப் போனவர்கள் செய்த வேலைதான் அது.

திருத்தக் கூடாத ஆர்.எஃப்.சி. ஏடுகளிலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது: ஆங்கிலம் அல்லாத பிற மொழிகளில் பெயர்த்தெழுத அனுமதி உண்டு. தமிழில் பெயர்க்க விரும்பும் பிள்ளைகள், தாம் எடுத்துக்கொண்ட ஏட்டில் அச்சிட்டிருக்கும் உரிம வாசகத்தைப் படித்துவிட்டுத் தொடங்கலாம்.