தாவர நானோ பொருள்கள் தீங்கற்றவையா? உயிரணுச் சோதனைகள் கூறுவது என்ன?

புதுதில்லி: பருத்தி, மரக்கூழ், கரும்புச் சக்கை ஆகியவற்றிலிருந்து பெறப்படும் நானோசெல்லுலோஸ், உணவுப் பொதி உறைகள் முதல் காயக் கட்டுகள் வரை பல பயன்பாடுகளுக்காக ஆராயப்பட்டு வருகிறது. இயற்கையானது என்பதாலேயே இத்தகைய பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. எனவே, அது முதலில் ஆய்வகத்தில் உயிரணுக்களின் மீது சோதிக்கப்படுகிறது.

ஏன் சோதனை தேவை?

ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு 1 நானோமீட்டர் ஆகும். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான அளவுடையவை நானோ பொருள்கள் எனப்படுகின்றன. இந்த அளவில் பொருளின் மேற்பரப்பு பன்மடங்கு பெருகுவதால், அது உயிரணுக்களுடன் வினைபுரியும் விதமும் மாறக்கூடும்.

உண்ணும்போது தீங்கு செய்யாத பொருள், நுண்தூசாக நுரையீரலை அடைந்தால் தீங்கு செய்யலாம். பருத்தித் தூசைப் பல ஆண்டுகள் சுவாசிக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கு 'பிசினோசிஸ்' என்னும் நுரையீரல் நோய் ஏற்படுவது இதற்குச் சான்று. தூசில் கலந்துள்ள பாக்டீரியா நச்சு இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

தாவரச் சாற்றைக் கொண்டு தயாரிக்கப்படும் வெள்ளி நானோ துகள்களுக்கும் இது பொருந்தும். வேதிப்பொருளின் இடத்தில் சாறு பயன்பட்டாலும், இறுதியில் கிடைப்பது வெள்ளியே.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது?

சிறு குழிகள் கொண்ட தட்டில் நுரையீரல், குடல், கல்லீரல், தோல் ஆகியவற்றின் உயிரணுக்கள் வளர்க்கப்படுகின்றன. அவற்றில் நானோ பொருள் வெவ்வேறு அளவுகளில் சேர்க்கப்பட்டு, பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரம் வரை கண்காணிக்கப்படுகிறது.

* எம்டிடி சோதனை: உயிருள்ள அணுக்கள் மஞ்சள் சாயத்தை ஊதா நிறமாக மாற்றும். நிறம் குறைந்தால், செயல்படும் அணுக்கள் குறைந்துள்ளன என்று பொருள்.
* எல்டிஎச் சோதனை: அணுச் சவ்வு சிதைந்தால் வெளியேறும் நொதி அளவிடப்படுகிறது.
* காமெட் சோதனை: மரபணுப் பொருளான டிஎன்ஏ சேதமடைந்துள்ளதா என்பதைக் காட்டுகிறது.

மருத்துவச் சாதனங்களுக்கான ஐஎஸ்ஓ 10993-5 தரநிலையின்படி, உயிருள்ள அணுக்களின் அளவு 30 சதவீதத்திற்கும் மேல் குறைந்தால், அப்பொருள் அணுக்களுக்கு நச்சானதாகக் கொள்ளப்படும்.

முடிவுகள் தவறாக அமையுமா?

அமையக்கூடும். சில நானோ துகள்கள் ஒளியை உறிஞ்சும். சில தாமே சாயத்துடன் வினைபுரியும். அப்போது இறந்த அணுக்களும் உயிருள்ளவை போலத் தோன்றலாம். இதைத் தவிர்க்க, அணுக்கள் இல்லாமல் துகள்களை மட்டும் வைத்து ஒரு சோதனை நடத்தப்பட வேண்டும். தாவர மூலப்பொருளில் பாக்டீரியா நச்சு எஞ்சியிருந்தால், அதன் விளைவு நானோ பொருளின் விளைவாகக் கணக்கிடப்படும் அபாயமும் உண்டு.

மரபணு மாற்றத்தைக் கண்டறிய வழக்கமாக நடத்தப்படும் ஏம்ஸ் சோதனை, நானோ பொருள்களுக்கு ஏற்றதன்று. அதில் பயன்படும் பாக்டீரியாக்களின் சுவரைத் துகள்கள் கடக்க இயலாமல் போகலாம் என்பதே காரணம். ஆகவே, ஒரே சோதனையின் முடிவை மட்டும் நம்பி பாதுகாப்பை உறுதிசெய்ய முடியாது.

இந்தியாவில் நிலை என்ன?

மும்பையில் உள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் நானோசெல்லுலோஸ் தயாரிப்புக்கான முன்மாதிரி ஆலையை அமைத்துள்ளது. லக்னோவில் உள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் நானோ பொருள்களின் நச்சுத்தன்மையை ஆராய்கிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை, நானோ மருந்துகளுக்கு 2019-ஆம் ஆண்டிலும், நானோ வேளாண் இடுபொருள்கள் மற்றும் உணவுப் பொருள்களுக்கு 2020-ஆம் ஆண்டிலும் மதிப்பீட்டு வழிகாட்டுதல்களை வெளியிட்டது.

உயிரணுச் சோதனை முதற்கட்டம் மட்டுமே. தட்டில் வளரும் அணுக்களில், சில நாள்களில் காணப்படும் முடிவு, ஆண்டுக்கணக்கில் தூசைச் சுவாசிக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே, எந்த அளவில், எந்த வழியாக, எவ்வளவு காலம் அப்பொருள் உடலை அடைகிறது என்பதையும் சேர்த்து மதிப்பிட்ட பின்னரே பாதுகாப்பு குறித்து முடிவெடுக்க இயலும்.