பழைய புகைப்படங்களில் நிற்கும் மரங்கள்

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ சட்டம் போட்ட பழைய புகைப்படம் ஒன்று நிச்சயம் இருக்கும். அதைக் கையில் எடுத்ததும் நாம் கேட்கும் கேள்விகள் ஒரே மாதிரியானவை. நாற்காலியில் இருப்பவர் யார்? மடியில் உள்ள குழந்தை யார்? அந்த நகை இப்போது யாரிடம் இருக்கிறது? ஆனால் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் மரம் என்ன மரம் என்று கேட்பவர் அரிது. முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய கடைசிக் கிழவியும் போய்விட்ட பிறகு, அந்தப் படம் எந்த ஊரில், ஏறக்குறைய எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதைச் சொல்ல மீதமிருக்கும் ஒரே சாட்சி, பல வேளைகளில் அந்த மரமோ வேலியோரச் செடியோதான். இந்தச் சாட்சியை விசாரிப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பழைய படங்களில் மரங்கள் ஏறக்குறைய எப்போதும் கறுப்பாக இருக்கும். இலைகள் தனித்தனியே தெரியாமல், மைக்குழம்பைக் கொட்டியது போல் ஒரு திட்டு நிற்கும். வானமோ ஒரு துண்டு மேகமும் இன்றி வெள்ளைத்தாள் போல் இருக்கும். மரம் பட்டுப்போய்விட்டது என்றோ, அன்று வானம் அவ்வளவு தெளிவாக இருந்தது என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். இது இயற்பியல் செய்த வேலை.

1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். அந்தத் தகட்டில் உள்ள வெள்ளி அயோடைடும் புரோமைடும் ஊதா, நீல ஒளிக்கு மட்டுமே இணங்குபவை. அலைநீளம் ஏறத்தாழ 500 நானோமீட்டரைத் தாண்டிவிட்டால், அதாவது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போனால், அவற்றுக்குக் கண்ணே தெரியாது. இனி இலையைப் பாருங்கள். இலையில் உள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் விழுங்கிக்கொண்டு பச்சையைத் திருப்பி அனுப்புகிறது. தகட்டுக்கு வேண்டியது நீலம். இலை அனுப்புவதோ பச்சை. ஆகவே இலை இருந்த இடத்தில் தகட்டின் மேல் ஒன்றும் பதிவதில்லை. நெகடிவில் அந்த இடம் வெறும் கண்ணாடியாக நிற்கும். அச்சிட்டால் கறுப்பாக விழும். வானமோ நீல ஒளியின் களஞ்சியம். அது தகட்டை அளவுக்கு மீறித் தாக்கி, மேகத்தையும் வானத்தையும் வேறுபாடின்றி வெளுத்துவிடும்.

இதே விதி பூவுக்கும் உண்டு. பாட்டியின் கல்யாணப் படத்தில் மல்லிகைச் சரம் பளிச்சென்று தெரியும். கழுத்தில் இருக்கும் மாலை மட்டும் வாடி வதங்கியது போல் கறுத்திருக்கும். அது வாடியதல்ல, மஞ்சள் சாமந்தியாகவோ சிவப்பு ரோஜாவாகவோ இருந்திருக்கும். நெற்றிக் குங்குமமும் அப்படித்தான் மைப்பொட்டாகத் தெரியும். 1873இல் ஜெர்மானிய வேதியியலார் ஹெர்மன் வோகெல், தகட்டில் சில சாயங்களைச் சேர்த்தால் அது பச்சை ஒளிக்கும் இணங்குகிறது என்று கண்டார். எல்லா நிறத்துக்கும் இணங்கும் தகடு 1906இல் தான் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அதன் பிறகும் நம் ஊர் ஸ்டுடியோக்கள் உடனே மாறிவிடவில்லை.

மரத்துக்கும் மாலைக்கும் நேர்ந்தது மனிதருக்கும் நேர்ந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நமது தோல் நீல ஒளியை அதிகமாக உறிஞ்சிக்கொண்டு, சிவப்பையும் மஞ்சளையும் அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. நீலம் மட்டுமே அறிந்த தகட்டில் மாநிறத்தவர் கறுத்தும், கறுத்தவர் மேலும் கறுத்தும் விழுந்தனர். 1868 முதல் 1875 வரை லண்டனில் 'இந்திய மக்கள்' என்ற பெயரில் எட்டுத் தொகுதிகள் வெளிவந்தன. சாதி, குலம் என்று பிரித்து ஒவ்வொருவரையும் புகைப்படத்தோடு காட்டிய அரசாங்க வெளியீடு அது. தம் கண்ணால் இந்நாட்டைக் காணாதவர்கள் அந்தப் படங்களைப் பார்த்தே நம் மக்களின் நிறத்தை எடைபோட்டிருப்பார்கள். வெள்ளி அயோடைடு சொன்ன சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்ய அங்கே யார் இருந்தார்கள்?

இன்னொரு தொல்லை நேரம். ஈரத் தகட்டுக்குச் சில வினாடிகளும், அதற்கு முந்திய காகித நெகடிவுக்குச் சில நிமிடங்களும் கூட ஒளி பட வேண்டும். மனிதரை 'ஆடாதே' என்று அதட்டலாம். கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்து முட்டுக் கொடுக்கலாம். தென்னங்கீற்றை யார் அதட்டுவது? எனவே அடிமரம் தெளிவாகவும் கொண்டை புகையாகவும் இருந்தால், அன்று காற்றடித்தது என்று அறியுங்கள். அடியும் நுனியும் ஒருங்கே தெளிவாக இருந்தால் காற்றில்லாத வேளை, அல்லது கைவேலை.

கைவேலை என்று சும்மா சொல்லவில்லை. 1856இல் சென்னை மாகாணத்தின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. (தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டிய லின்னேயஸின் பெயரைத் தாங்கியவருக்கு மரத்தோடு மல்லுக்கட்ட நேர்ந்தது வேடிக்கைதான்.) 1858இல் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றி அவர் எடுத்த படங்கள் இன்று உலகப் புகழ் பெற்றவை. அவர் பெரும்பாலும் மெழுகிட்ட காகித நெகடிவைப் பயன்படுத்தினார். கறுத்துப்போகும் மரங்களும் வெறுமையான வானமும் அவருக்குப் பிடிக்கவில்லை. நெகடிவின் மேலேயே தூரிகையால் வண்ணம் தொட்டு இலைக்கூட்டங்களைத் திருத்தினார். வானத்தில் மேகமும் தீட்டினார். நெகடிவில் சாயம் பட்ட இடம் ஒளியை மறைக்கும். அச்சில் அந்த இடம் வெளுக்கும். கறுப்புத் திட்டு இலைகளாகப் பிரியும். அழகான தந்திரம். ஆனால் டிரைப் படத்து மரம் ஒன்றின் இலை வடிவைக் கொண்டு அது இன்ன மரம் என்று நீங்கள் சொல்லப் புகுந்தால், இலையைச் சொல்கிறீர்களா, தூரிகையைச் சொல்கிறீர்களா என்று யோசிக்க வேண்டும்.

கடல் தாண்டி இலங்கைக்கு வருவோம். இங்கிலாந்தின் பெயர் பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூன் 1875இல் இலங்கையில் குடியேறினார். 1877 தொடக்கத்தில் களுத்துறையில் இருந்த அவரது வீட்டுக்கு மரியான் நார்த் என்ற அம்மையார் விருந்தினராக வந்தார். உலகெங்கும் சுற்றித் தாவரங்களை வண்ண ஓவியமாகத் தீட்டியவர் இவர். லண்டன் கியூ தோட்டத்தில் இவருடைய 800க்கும் மேற்பட்ட ஓவியங்களுக்கென்றே 1882 முதல் ஒரு கூடம் இருக்கிறது. மூன்று நாள் விடாமல் கேமரூன் அவரைப் படமெடுத்துத் தள்ளினார். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, சால்வையைப் போர்த்தி, தென்னை ஓலை தலையில் குத்த, இலை இடுக்கு வழியாக உச்சி வெயில் கண்ணில் அடிக்க, இயல்பாக நில்லுங்கள் என்றாராம்! நார்த் தமது நினைவுக் குறிப்புகளில் இதைச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். எவ்வளவு முயன்றும் தகட்டில் விழுந்தது சாதாரணமான ஓர் ஆள்தான் என்றும் சேர்த்திருக்கிறார்.

அந்தப் படங்களில் ஒன்றில் நார்த் ஓவியப் பலகை முன் இருக்க, எதிரே ஒரு தமிழ்ச் சிறுவன் குடத்தோடு நிற்கிறான். அம்மையாரின் பெயர் தெரியும். படமெடுத்தவர் பெயர் தெரியும். அவர் தீட்டிய செடிகளுக்கெல்லாம் லத்தீன் பெயர் உண்டு. பையனின் பெயர் மட்டும் இல்லை.

இது அந்த ஒரு படத்தின் குறை அன்று. பேராதனைத் தோட்டத்துத் தாளிப்பனையையோ, பெரிய ஆலமரத்தையோ விற்பனைக்காகப் படமெடுத்த அக்காலக் கம்பெனிகள், மரத்தின் அடியில் ஓர் ஆளை நிறுத்துவது வழக்கம். எதற்கு? மரத்தின் உயரத்தைக் காட்டுவதற்கு. அவர் மனிதர் அல்லர், அளவுகோல். படத்தின் அடியில் மரத்தின் பெயர் இருக்கும். அவர் பெயர் இருக்காது.

அளவுகோலாகவே நிறுத்திவிட்டார்கள், அளந்து பார்ப்போம். படத்தில் ஆள் 1.5 சென்டிமீட்டர், மரம் 18 சென்டிமீட்டர். ஆளின் உயரம் 1.65 மீட்டர் என்று கொண்டால், மரம் ஆளைப்போல் 12 மடங்கு, 19.8 மீட்டர். இது எட்டாம் வகுப்பு வடிவொத்த முக்கோணக் கணக்கு. ஆனால் ஆள் மரத்தை ஒட்டி நிற்காமல் 2 மீட்டர் முன்னால் நின்று, கேமரா மரத்திலிருந்து 30 மீட்டரில் இருந்தால்? ஆள் கேமராவுக்கு 28 மீட்டர்தான். எனவே சற்றுப் பெரிதாகத் தெரிவார். விடையை 30/28 ஆல் பெருக்க வேண்டும், மரம் 21.2 மீட்டர் ஆகிறது. ஆளின் காலும் மரத்தின் அடியும் தரையில் எங்கெங்கே படுகின்றன என்று உற்றுப் பாருங்கள். தாளிப்பனை பூத்திருந்தால் இன்னொரு செய்தியும் உண்டு: அது வாழ்நாளில் ஒரே முறை பூத்து, காய்த்து, பட்டுப்போகும் மரம். படத்தில் பூவோடு நிற்கும் தாளிப்பனை தன் கடைசிக் காலத்தில் நிற்கிறது.

சரி, ஆண்டைக் கணிப்பது எப்படி? இதற்குப் பெரிய மரங்களைவிட வேலியோரக் களைகள் அதிகம் உதவும். பெரிய மரம் எல்லாக் காலத்திலும் நிற்கும். வெளிநாட்டிலிருந்து வந்த செடிக்குத்தான் பிறந்த தேதி உண்டு. சிலவற்றுக்கு இறந்த தேதியும் உண்டு.

சப்பாத்திக்கள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பியர் வழியாக இங்கு வந்து வேலியாகவும் புதராகவும் பரவியது. அதன் மேல் வாழும் ஒரு மாவுப்பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. 1795இல் பிரேசிலிலிருந்து கப்பலில் பூச்சி வந்தது; ஆனால் வந்தது உயர்ந்த சாயப்பூச்சி அன்று, மட்டமான இனம். சாயம் தேறவில்லை. அந்தப் பூச்சியோ ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்துவிட்டது. அது தொடாத மற்ற வகைகள் தென்னிந்தியாவில் நிலங்களை வளைத்துக்கொண்டு குடியானவர்களுக்குப் பெருந்தொல்லை கொடுத்தன. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு மாவுப்பூச்சி வரவழைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கள்ளிக்காடுகள் சரிந்து விழுந்தன. ஆகவே தமிழ்நாட்டுக் கிராமப் படம் ஒன்றில், மனிதருக்குப் பின்னால் ஆளுயரக் கள்ளிப்புதர் அடர்ந்து தெரிந்தால், அது 1926க்கு முற்பட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒன்றிரண்டு கள்ளி இன்றும் உண்டு. அதை வைத்துச் சொல்லக் கூடாது. அடர்த்திதான் சாட்சி.

எதிர்ப்பக்கத்துச் சாட்சி சீமைக் கருவேலம். இதைப் பற்றி எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கத்தார் சற்று உரிமையோடு பேசலாம். ஏனெனில் அது வந்து இறங்கியது நமக்கு வடக்கே, கடப்பை மாவட்டத்தில். சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோம் 1876இல் விதை கேட்டு எழுதினார். 1877இல் கமலாபுரத்தில் நட்டார்கள். வறண்ட நிலத்தில் விறகு கிடைக்கட்டும் என்பது நோக்கம். அதே 1876இல் தான் தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. 1878க்குள் தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமான மக்களைக் கூட்டமாக உட்கார வைத்து எடுத்த படங்கள் அந்தப் பஞ்சத்தின் சான்றாக நிற்கின்றன. அந்தப் படங்களைக் காட்டிப் பின்னணியைப் பாருங்கள் என்று சொல்ல என் மனம் கூசுகிறது. ஆயினும் ஒன்று சொல்லலாம்: அந்த மக்கள் கண்ட பொட்டல்களில் சீமைக் கருவேலம் இல்லை. இன்று அதே பொட்டல்களில் பலவற்றில் அதைத் தவிர வேறில்லை. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை அகற்ற உத்தரவிடும் அளவுக்கு விவகாரம் முற்றியது. அது எந்த ஊருக்கு எப்போது வந்தது என்று தகராறு வரும்போது, ஊர்ப் பெரியவர்களின் நினைவைவிடக் கண்மாய்க் கரையில் எடுத்த ஒரு பழைய கல்யாணப் படம் நல்ல ஆதாரம். நாட்டுக் கருவேலத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நாட்டு மரத்தின் காய் மணி கோத்த சரடு போல் இடையிடையே சிறுத்திருக்கும். சீமை மரம் பெரும்பாலும் அடியிலேயே பல கிளையாகப் பிரிந்து புதராக நிற்கும்.

பார்த்தீனியம் இன்னும் எளிது. புனேயில் 1950களின் நடுவில்தான் அது கண்டறியப்பட்டது. காலடியில் அந்த வெள்ளைப் பொடிப்பூ தெரிந்தால், படம் அதற்குப் பிந்தியது. சில வேளை தனி மரமே நாட்குறிப்பாகிவிடும்: அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தடியில் கூடியவர்களின் படத்தில் நடு அடிமரம் நின்றால், அது 1989க்கு முன். அவ்வாண்டுப் புயலில் அது சாய்ந்துவிட்டது. விழுதுகள்தான் இன்று நிற்கின்றன.

ஸ்டுடியோவுக்குள் எடுத்த படம் என்றால் இந்த வித்தையெல்லாம் பலிக்காது. அங்கே பின்னணி திரைச்சீலை. அதில் நீங்கள் காண்பது சீமைத் தோட்டம், அன்னம் நீந்தும் குளம். முக்காலியில் இருக்கும் பூ காகிதம். தொட்டியில் நிற்கும் குரோட்டன்ஸ் ஒன்றுதான் உயிருள்ளது. அதுவும் நாள்தோறும் இருபது குடும்பத்தோடு படத்துக்கு நின்ற செடி. வெவ்வேறு குடும்பத்துப் படங்களில் ஒரே தொட்டி, ஒரே திரை தெரிந்தால், ஒரே ஸ்டுடியோவில் எடுத்தவை என்று மட்டும் கொள்ளலாம்.

அடுத்த விடுமுறையில் வீட்டுப் படங்களை எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால், முகங்களைக் கேட்ட கையோடு மரத்தையும் கேளுங்கள்: எந்த மரம், யார் நட்டது, எப்போது வெட்டினார்கள் என்று. ஓரத்தில் கைகட்டி நிற்கும் வேலையாளின் பெயரையும் மறக்காமல் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் 1953க்கும் 1960க்கும் இடைப்பட்ட படமானால், அப்போது ஊர் ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, அதையும் குறியுங்கள். படத்தின் பின்புறம் ஓரமாக, மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை நாளடைவில் ஊறி முன்பக்கம் வந்துவிடும், அதுவும் பெரும்பாலும் யாருடைய முகத்திலாவது.